அந்த டீயைக் குடிச்சா எல்லாம் மறந்துடுமா?

கேள்வி: எனக்கு 44 வயசு. பிளஸ் டூ படிக்கற பொண்ணோட சேர்ந்து கோப்ளின் கொரியன் சீரியல் பார்க்க ஆரம்பிச்சு நாலு எபிசோட் முடிச்சிருக்கோம். யாரு சாமி யாரு பேய்னே எனக்குப் புரியல. ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட பொண்ணுக்கும் 900 வயசு ஆளுக்கும் லவ்வுங்கறதை என் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு. எல்லாத்தையும் விட பெரிசு, போன வருஷம் எங்கம்மா தவறிட்டாங்க. அந்த எமதூதன் செத்தவங்களுக்கு டீ குடுத்து மறக்க வைக்கற சீன் வந்தாலே எழுந்து கிச்சனுக்குப் போயிடறேன். எங்கம்மாவும் எங்களை மறந்துட்டுதான் போயிருப்பாங்களோன்னு ராத்திரி தூக்கமே வரல. பொண்ணு முழுசா பாரும்மாங்கறா. வீட்டுக்காரர் பேய்க்கதைக்கெல்லாமா அழுவங்கறார். பார்க்கவா, விட்டுடவா? (பெயர் வேண்டாம், திருச்சி)

அன்புத் தோழிக்கு,

விட்டுடாதீங்க. ஆனா ராத்திரில பார்க்க வேண்டாம். அம்மா போய் ஒரு வருஷம்கூட சரியா ஆகாதப்போ பதினோரு மணிக்கு மேல லைட்டை அணைச்சுட்டு இதைப் பார்த்தா யாருக்குத்தான் தூக்கம் வரும், ஒவ்வொரு எபிசோடும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுது, ஒண்ணோட நிறுத்தவும் மனசு வராது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு பொண்ணோட உட்காருங்க. கொரியாவுல டிவிஎன் சேனல்ல ஓடினப்பவே வெள்ளி, சனின்னு வாரத்துக்கு ரெண்டு எபிசோட்தான், 2016 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2017 ஜனவரில முடிஞ்சுது. மொத்தம் 16. அந்த வேகம்தான் இந்தக் கதைக்கு ஒத்து வரும்.

முதல்ல யாரு யாருன்னு தெளிவாக்கிடறேன். கோங் யூ நடிச்சிருக்கற கிம் ஷின், கொரியாவோட பழைய கொர்யோ ராஜ்ஜியத்துத் தளபதி. போர்ல ஜெயிச்சுட்டு வர்றவரை, அரண்மனைல கூடவே இருந்தவன் ஓதி ஓதி ஏத்தி விட்டதுல சின்ன வயசு ராஜா துரோகின்னு முத்திரை குத்திடறான், ராணியா இருந்த தங்கச்சியும் அதே நாள்ல சாகறா. அவரு நெஞ்சுல இறங்கின கத்தியோடயே டொக்கேபியா எழுந்துக்கறாரு. சீரியல் பேர்ல கோப்ளின்னு சொல்றது இந்த டொக்கேபியைத்தான், அதுதான் உங்களைக் குழப்புதுன்னு நினைக்கறேன். கொரியா நாட்டுப்புறக் கதைகள்ல அது செத்தவங்க ஆவி கிடையாது. மனுஷங்க புழங்கின பழைய துடைப்பம் மாதிரி சாமான்ல ரத்தம் பட்டா அதுக்கு உயிர் வந்து எழுந்துக்கும், குறும்பு பண்ணும், போற வர்றவங்களை மல்யுத்தத்துக்குக் கூப்பிடும், பக்வீட்ங்கற தானியத்தோட மாவுல செய்யற ஜெல்லின்னா உயிரை விடும். கதை எழுதின கிம் யுன்-சூக் என்ன பண்ணாங்கன்னா அந்தத் துடைப்பம் இருந்த இடத்துல எத்தனையோ பேர் ரத்தம் பட்ட ஒரு தளபதியோட வாளை வெச்சுட்டாங்க, அவ்வளவுதான், மத்ததெல்லாம் அதுலேர்ந்து கிளைக்குது. முதல் எபிசோட்ல கடற்கரைல கிம் ஷின் அந்த ஸ்கூல் பொண்ணு யுன்-தாக்குக்குக் குடுக்கற வெள்ளைப் பூங்கொத்துகூட பக்வீட் பூதான், கவனிச்சிருப்பீங்க.

எமதூதன் பழைய கதைகள்ல கருப்பு அங்கி, அகலமான கருப்புத் தொப்பியோட வருவார், இங்க கோட்டு சூட்டுக்கு மாத்திட்டாங்க. கீரை காய் விக்கற பாட்டியும் சிவப்பு டிரஸ் போட்ட அழகான பொண்ணும் ஒரே ஆள், சாம்ஷின்னு குழந்தை வரம் தர்ற தெய்வம். இவ்வளவு தெரிஞ்சா போதும்.

இப்போ அந்த வயசு விஷயம். உங்களுக்கு உறுத்தறது சரி, எனக்கும் உறுத்துது, அழகா படம் பிடிச்சிருக்காங்கறதுக்காக அதை நான் பூசி மெழுக மாட்டேன். யுன்-தாக்குக்கு 19னு சொல்றாங்க, அதுவும் கொரியாவோட பழைய கணக்கு, பிறந்த உடனே ஒரு வயசு, ஜனவரி ஒண்ணாம் தேதி ஆனா எல்லாருக்கும் ஒண்ணு கூடும் (சட்டப்படி அந்தக் கணக்கை 2023 ஜூன்ல எடுத்துட்டாங்க), அப்படிப் பார்த்தா நம்ம கணக்குல 17 இல்ல 18. உங்க பொண்ணு வயசு. அதனாலதான் ரிமோட்டை பிடுங்காம பக்கத்துல உட்காருங்கன்னு சொல்றேன். அந்தப் பொண்ணு முதல்ல கேக்கற மூணு வரத்தை ஞாபகப்படுத்திப் பாருங்க, ஒரு பார்ட் டைம் வேலை, சித்திரவதை பண்ற பெரியம்மா குடும்பத்துகிட்டேர்ந்து விடுதலை, ஒரு பாய் ஃபிரெண்ட். அம்மா இல்ல, வீடுன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல, இன்ஷூரன்ஸ் பணத்துக்காக அடிக்கறாங்க. அப்படி ஒரு நிலைமைல இருக்கற பொண்ணு யாராவது நம்மளைக் கூட்டிட்டுப் போயிட மாட்டாங்களான்னு தவிக்கறா, இதை உங்க பொண்ணுகிட்ட நேரா பேசுங்க, நிஜத்துல அந்த மாதிரி தவிப்புல இருக்கற பொண்ணுகிட்ட வயசுல பெரிய ஆள் யாராவது வந்தா அவன் டொக்கேபியா இருக்க மாட்டான்னு சொல்லுங்க. பிளஸ் டூ பொண்ணுக்கு நல்லாவே புரியும், அவ ஏற்கனவே யோசிச்சும் வெச்சிருப்பா.

சரி, டீக்கு வருவோம், நீங்க எழுதினதே அதுக்காகத்தான்னு எனக்குப் படுது.

அந்த டீயை எமதூதன் தண்டனையா குடுக்கல. இங்க பட்ட கஷ்டத்தை அங்கயும் தூக்கிட்டுப் போக வேண்டாம்னு ஒரு கருணையாதான் குடுக்கறாரு. பெரிய பாவம் பண்ணவங்களுக்கு அது கிடைக்காது, பண்ணதை நினைச்சுக்கிட்டே போகணும். ஆனா இந்த சீரியல் அதோட திருப்தி ஆகிடலைங்க, 16 எபிசோடும் அந்த டீயோட சண்டை போட்டுட்டே இருக்கு. ஒரே வீட்டுல குடியிருக்கற அந்த ரெண்டு பேரைப் பாருங்க. கிம் ஷினுக்கு 939 வருஷத்துல ஒரு முகம்கூட மறக்கல, கனடாவுல கியூபெக்ல தலைமுறை தலைமுறையா தனக்குத் துணையா இருந்தவங்க கல்லறை முன்னாடி போய் நிப்பாரே, நீங்க பார்த்த எபிசோட்லயே வந்திருக்கும், அவருக்கு சாபமே அந்த ஞாபகம்தான். எமதூதனுக்கோ தான் யாரா இருந்தோம்னே தெரியாது, பேரு கேட்டா சொல்ல ஒரு பேரு இல்ல, எதுக்கு அழறோம்னு தெரியாம அழறாரு. மறந்தவருக்கும் நிம்மதி இல்ல. போகப் போக, அந்தக் கப்பை கைல வாங்கிட்டு வேண்டாம்னு வெக்கற ஒரு ஆளும் வருவாங்க, யாருன்னு சொல்ல மாட்டேன், அந்த சீனுக்கு மட்டும் நீங்க கிச்சனுக்குப் போகவே கூடாது.

இன்னொண்ணும் சொல்லணும். இதை எழுதினது ஜேசா கும்பிடற ஊர்ல. செத்தவங்க நாள்ல குடும்பமா சேர்ந்து, சோறு கறி பழம் மதுன்னு மேஜை போட்டு விழுந்து கும்பிடுவாங்க, நம்ம வீடுகள்ல திதி குடுத்து இலை போடற மாதிரியேதான். போனவங்க சாப்பிட வருவாங்கன்னு நம்பற ஊர்ல உட்கார்ந்து, போனவங்க எல்லாத்தையும் மறந்துட்டாங்கன்னு முழு மனசோட யாரு கதை எழுத முடியும்? உங்கம்மா மறந்துட்டாங்களான்னு எனக்கு பதில் சொல்லத் தெரியாது தோழி, சீரியலுக்கும் தெரியாது. நீங்க மறக்கல, உங்க பொண்ணு பாட்டியை மறக்கல. அவளும் ராத்திரில அதே டீ சீனை நினைச்சுதான் படுத்திருக்கலாம். எழுந்து போறதுக்குப் பதிலா ஒரு தடவை சீரியலை நிறுத்தி வெச்சுட்டு பாட்டியைப் பத்தி அவகிட்ட பேசிப் பாருங்களேன், அவங்க கைப்பக்குவம், திட்டற வார்த்தை, எது வருதோ அது. அதுக்கப்புறமும் பல நாள் தூக்கம் வரலைன்னா மட்டும் ஒரு டாக்டரைப் பார்த்துடுங்க, தள்ளிப் போடாதீங்க.

வீட்டுக்காரர்கிட்ட, கொரியாவுல கேபிள் சேனல்ல 20 சதவீத ரேட்டிங்கைத் தாண்டின முதல் சீரியல் இதுதான்னு சொல்லுங்க, அவ்ளோ பேரு சேர்ந்து அழுதிருக்காங்க. ரெண்டாவது எபிசோட் கடைசில கிம் ஷினும் எமதூதனும் இருட்டு ரோட்டுல நடந்து வர்ற சீனை மட்டும் அவருக்குப் போட்டுக் காட்டுங்க, அப்புறம் அவரே பாப்கார்னோட வந்து உட்காருவார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 13-வது எபிசோட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு எபிசோடுக்கு நேரம் இருக்கான்னு பார்த்துக்கோங்க. கொரியாவுல அது ஓடின மறுநாள் 14-ஐப் போடாம ஸ்பெஷல் ஷோ போட்டுட்டாங்க, பாவம் அவங்க ஒரு வாரம் அந்த முடிவோடயே கிடந்தாங்க. உங்களுக்கு அந்த அவஸ்தை வேண்டாம், 13 முடிஞ்ச கையோட அன்னைக்கே 14-ஐயும் பார்த்துடுங்க.