மனநல மறுவாழ்வு இல்லம் நல்லதா என்று எதை வைத்து அறிவது?

மனச்சிதைவு நோயுள்ள அண்ணனை மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கவிருப்பதாகவும், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு செலவாகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெற்றோருக்கு வயதாகி, இரவுக் காவல் உங்கள் தலையில் விழுந்த பிறகுதான் இந்தக் கேள்வி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் தம்பியை நான் இரண்டு இல்லங்களில் சேர்த்திருக்கிறேன். ‘கூடப் பிறந்தவனை இப்படித் தள்ளிவிடலாமா’ என்று இங்கேயும் சிலர் எழுதுவார்கள். அவன் மூன்று இரவுகள் உறங்காமல் தெருவில் நின்றபோது அவர்களில் ஒருவரும் உடன் நிற்கவில்லை என்பதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

முதல் இல்லத்தைச் சுவரின் வண்ணத்தையும் மருத்துவரின் பெயர்ப்பலகையையும் பார்த்து நம்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அதுவும் அலுவலக அறையில்தான் சந்திப்பு. நான்காவது மாதம் அவன் வந்து உட்கார்ந்தபோது, தலை மழிக்கப்பட்டிருந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் சாக்குக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. சட்டைக் காலரின் உட்புறத்தில் மையால் வேறொருவருடைய பெயர் எழுதியிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த ஆறு சட்டைகள் எங்கே என்று கேட்டேன். சலவைத் துணிகள் ஒரே குவியலாக வரும், கைக்கு அகப்பட்டதை எல்லோரும் உடுத்திக்கொள்வார்கள், பேன் தொல்லைக்காக மாதம் ஒருமுறை மொட்டை என்று மேலாளர் மிகச் சாதாரணமாகச் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன் என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, கட்டாய மொட்டை கூடாது, விரும்பினால் சொந்த உடையை உடுத்தலாம், வேலை வாங்கினால் ஊதியம் தர வேண்டும் என்றெல்லாம் வெளிப்படையாகவே சொல்கிறது என்பதை ஓராண்டு கழித்துத்தான் படித்தேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட கதையை நாம் எல்லோரும் அறிவோம். அதனாலேயே சங்கிலி இல்லாத இடமெல்லாம் நல்ல இடம் என்று எண்ணிவிடுகிறோம். தம்பி இருந்த அந்த முதல் இல்லத்திலும் சங்கிலி இல்லை. ஆனால் அவனுக்குப் பகல் முழுவதும் செய்வதற்கு எதுவுமே இல்லை, அவ்வளவுதான்.

மருந்து விஷயம் இதைவிடக் கவலைக்குரியது. அவன் உட்கொள்வது க்ளோஸாபின். வெள்ளணுக்கள் குறையும் அபாயம் இருப்பதால் முதல் 18 வாரங்கள் வாரந்தோறும், பிறகும் குறித்த இடைவெளியில் விடாமல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டிய மருந்து அது. பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது ஏழு மாதங்களாக ஒரு பரிசோதனையும் நடந்திருக்கவில்லை. அன்றே அழைத்து வந்துவிட்டேன். எல்லா இல்லங்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. காவலாளிக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த சம்பளத்தில் இரவெல்லாம் கண்விழிக்கும் பராமரிப்பாளர்களைக் குறை சொல்வதும் என் நோக்கமன்று.

ஆகவே, மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் அத்தனை பேரும் படுத்திருந்தால், மருந்தின் அளவைப் பற்றியும் பகல்நேரப் பயிற்சிகளைப் பற்றியும் விசாரியுங்கள். கழிப்பறைக்கு உட்புறத் தாழ்ப்பாள் இருக்கிறதா, ஒவ்வொருவருக்கும் பூட்டக்கூடிய அலமாரி இருக்கிறதா என்று பாருங்கள். யாரையேனும் கட்டிவைக்க நேர்ந்தால் அவருடைய நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச சட்டப்படி நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கடைசியாக யாருக்கு, எப்போது அப்படித் தெரிவித்தார்கள் என்று கேளுங்கள். எரிச்சல்படாமல் பதிவேட்டை எடுத்துக் காட்டுகிறவர்களை ஓரளவு நம்பலாம்.

செலவைப் பொறுத்தவரை, இப்போதைய இல்லத்துக்கு முன்னதைவிட மாதம் நாலாயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறேன். இங்கேயும் மூட்டைப்பூச்சி உண்டு, சாம்பார் தண்ணீராகத்தான் இருக்கிறது. ஆனால் தம்பி காலையில் சமையலறையில் காய் நறுக்குகிறான், அதற்கு வாரந்தோறும் கையில் பணம் வாங்குகிறான், மாலையில் எதிரேயுள்ள கடைக்குத் தானே போய்த் தேநீர் குடித்துவிட்டு வருகிறான். அலமாரிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருக்கிறான். போன மாதம் நான் கேட்டபோதுகூட அதைத் தரவில்லை.