சேணத்துக்கு முன் ஓர் ஆண்டு

திருவொற்றியூரிலிருந்து எழுதியுள்ள வாசகர், தம் தாத்தா தங்கசாலைப் பக்கம் ஜட்கா என்ற குதிரைவண்டி ஓட்டியவர் என்றும், அந்தப் பழைய ஆசையில் தாமும் ஓர் ஆண் குதிரைக்குட்டியை வாங்கி வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் கட்டி வைத்திருப்பதாகவும் சொல்கிறார். விற்றவர் சொன்ன கணக்குப்படி குட்டிக்கு 20 மாதம். வரும் பொங்கலுக்குள் தம் 14 வயது மகன் அதில் ஏறிப் பழகலாமா, அதற்காக இப்போதே முதுகில் மணல் மூட்டையைக் கட்டிப் பழக்கும்படி தெரிந்தவர் ஒருவர் சொல்வதைக் கேட்கலாமா என்பது அவருடைய கேள்வி.

பொங்கலுக்குள் ஏறக் கூடாது. மணல் மூட்டை எப்போதுமே கூடாது. மூட்டை என்பது அசையும்போதெல்லாம் விலாவில் இடிக்கும் செத்த பாரம். அது சரிந்து வயிற்றுக்கடியில் தொங்கிய நாளில் குட்டி மிரண்டு ஓடுமானால், பிறகு சேணத்தைப் பார்த்தாலே நடுங்கும். குதிரையின் எலும்புகள் கீழிருந்து மேலாக முற்றுகின்றன. குளம்புக்கு அருகிலுள்ளவை முதல் வயதையொட்டியே வளர்ச்சியை முடித்துக்கொள்ள, முன்னங்கால் முட்டிக்கு மேலேயுள்ள எலும்பின் கீழ்முனை 2 முதல் 2½ வயதிலும், பாரம் சுமக்க வேண்டிய முதுகெலும்பு 5 வயதைக் கடந்த பிறகும்தான் முழுதாக முற்றும். அதற்காக ஐந்து வயது வரை காத்திருக்கச் சொல்லவில்லை; மூன்று வயதை நெருங்கும்போது, ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் என்று தொடங்கினால் போதும். பந்தயக் குதிரைகள் இரண்டு வயதிலேயே ஓடுகின்றனவே என்று கேட்பீர்கள். அவற்றின் மேல் ஏறுபவர் இளைத்த உடம்புக்காரர், தொழில் பழகியவர். பக்கத்திலேயே மருத்துவரும் இருக்கிறார்.

விற்றவர் சொன்ன வயதை அப்படியே நம்பாமல் பல்லைப் பாருங்கள். மேலுதட்டை மெல்லத் தூக்கினால் முன்வரிசையில் ஆறு பற்கள் தெரியும். எல்லாமே சிறியவையாக, பால்வெள்ளையாக, ஈறுக்கு அருகே ஒடுங்கி இருந்தால் அவை பாற்பற்கள். நடுவிலுள்ள இரண்டு மட்டும் பெரிதாக, சற்று மஞ்சளோடிக் காணப்பட்டால் குட்டி இரண்டரையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரப்பற்கள் நாலரையிலும் மாறும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது சவாரி அவசரம் அல்ல, "கட்டி வைத்திருக்கிறேன்" என்ற சொல்தான். வளரும் எலும்பு நடந்தால்தான் உறுதிப்படும். நாள் முழுதும் கொட்டகையில் நின்ற குட்டிக்கு எலும்பும் வலுக்காது, வெளியே வந்ததும் அடக்கவும் முடியாது. தினமும் காலையில் அரை மணி நேரம் கையில் பிடித்து நடத்துவதே உங்கள் முதல் பாடம்.

அந்த நடையைத் தலைக்கயிற்றிலிருந்து தொடங்க வேண்டும். கடிவாளம் இப்போது வேண்டாம். மூக்கின் மேலும் காதுக்குப் பின்னும் படியும் தலைப்பட்டையும், மூன்று மீட்டர் பருத்திக் கயிறும் போதும். நைலான் கயிறு உள்ளங்கையைக் கிழித்துவிடும். எந்தக் கயிறானாலும் அதைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குட்டியின் முகத்துக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குப் பார்வை எட்டாது என்பதால், இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, கயிற்றை முன்னோக்கி ஒரு விரல் பலத்தில் இழுத்துப் பிடியுங்கள். குட்டி தலையைத் தூக்கும், பின்வாங்கப் பார்க்கும். நீங்களும் வலுவைக் கூட்டாமல், விடாமல், அதே அளவில் பிடித்திருங்கள். அரை நிமிடத்தில் அதன் உடல் பாரம் முன்னால் சாயும். முன்னங்கால் ஒன்று பெயர்வதற்கு முன்பே அந்தச் சாய்வு தோளில் தெரியும். அந்தக் கணத்தில் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். குதிரை இழுப்பிலிருந்து எதையும் கற்பதில்லை, இழுப்பு நின்ற கணத்திலிருந்தே கற்கிறது. இரண்டு விநாடி தாமதித்துத் தளர்த்தினால், அப்போது அது செய்துகொண்டிருந்த வேறெதையோ சரி என்று எடுத்துக்கொள்ளும். முன்னே வருவதும், பின்னே போவதும், பின்காலை ஒதுக்கித் திரும்புவதும் எல்லாம் இந்த ஒரே இலக்கணத்தில் அடங்கும். பத்து நிமிடம் போதும்; சரியாகச் செய்த உடனே நிறுத்திவிடுங்கள்.

கட்டிப் போடுவதைத் தனியாகப் பழக்க வேண்டும். இளமையில் நான் ஒரு பெட்டைக் குட்டியை இரும்புக் கேட்டில் இறுகக் கட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். வாளிச் சத்தத்துக்கு அது பின்னால் பாய்ந்ததில் கேட்டே கொக்கியிலிருந்து கழன்று அதன் மேல் விழுந்தது. காயம் பத்து நாளில் ஆறியது. கட்டினால் பின்வாங்கும் பழக்கம் கடைசி வரை போகவில்லை. அன்றிலிருந்து கம்பத்தில் ஒரு சணல் வளையம் கட்டி, அந்தச் சணலில்தான் கயிற்றை முடிகிறேன், வேகமாக இழுத்தால் சணல் அறுந்துவிடும்.

கால்களைத் தொடவும், குளம்பைத் தூக்கவும் விட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வந்து குளம்பைச் சீவும்போது அவரே உங்கள் பயிற்சிக்கு மதிப்பெண் போட்டுவிடுவார்.

வடசென்னையில் வளரும் குட்டிக்குத் தனிப் பாடம் ஒன்று உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டும் கண்டெய்னர் லாரிகள் காற்று பிரேக்கை விடும் சீறல், சாவு ஊர்வலத்தின் பறையும் பட்டாசும், மாசித் திருவிழாக் கூட்டம் எல்லாம் அதன் காதில் விழத்தான் போகின்றன. முதல் நாளே சாலையோரம் கொண்டுபோய் நிறுத்தாமல், லாரி தெரிகிற, ஆனால் குட்டி மேய்ச்சலை நிறுத்தாத தொலைவைக் கண்டுபிடியுங்கள். அங்கேயே சில நாட்கள் நின்று, குட்டி காதை ஒரு பக்கம் தளர்த்தி வாயை அசைபோடத் தொடங்கிய பிறகு பத்தடி நெருங்கலாம். தலையை உயர்த்தி மூக்குத் துளையை விரித்தால் நெருங்கியது அதிகம். அதட்டுவதோ தட்டிக்கொடுத்துத் தேற்றுவதோ இங்கே உதவாது, பின்வாங்கி நிற்பதே உதவும்.

சேணத்துணி, சேணம், வயிற்றுவார் ஆகியவற்றை இரண்டரை வயதுக்கு மேல் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். வாரை ஒரே நாளில் இறுக்காமல் நாளுக்கு ஒரு துளையாகக் கூட்டுங்கள். கடிவாளம் போடுவதற்கு முன், அது உரசும் இடத்தில் ஓநாய்ப்பல் (கடைவாய்ப்பற்களுக்கு முன்னால் வரும் சிறு பல்) முளைத்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். நீள்கயிற்றில் வட்டமாக ஓட்டுவதை நம் ஊரில் அளவுக்கு மீறிச் செய்கிறார்கள். சின்ன வட்டம் இளம் மூட்டுகளைத் திருகும் என்பதால், 20 மீட்டர் அகலத்துக்குக் குறையாமல், பக்கத்துக்கு ஐந்து நிமிடம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அதைவிடப் பின்னால் நடந்தபடி இரண்டு நீள லகான்களால் நேராக ஓட்டுவது மேல். ஆள் ஏறாமலே நிற்கவும் திரும்பவும் குரலுக்கு அடங்கவும் குட்டி இதில் பழகிவிடும். ஒரு வகையில் இது ஜட்காக்காரரின் வித்தைதான். தாத்தா கையைப் பார்த்த யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

தார்ச்சாலையில் ஓட்ட விடாதீர்கள். உங்கள் பக்கத்துக் கடற்கரையில் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டியிருப்பதால், மணல் விரிந்த இடத்தை முன்கூட்டி நடந்து பாருங்கள். அலை நனைத்து இறுகிய மணல் நல்லது, கால் புதையும் மணல் தசைநாணைக் கெடுக்கும். சித்திரை வைகாசியில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

இந்த வாரமே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் குட்டியைக் காட்டுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவரை வரவழையுங்கள். குதிரைக்கு ரண ஜன்னி எளிதில் பற்றும். அதற்கான தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. குடற்புழு நீக்கத்தையும், காயடிப்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். குறுகிய தெருவில், சிறுவன் கையில், காயடிக்காத ஆண் குதிரையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மகனின் எடையையும் இப்போதே குறித்து வையுங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, முதலாண்டில் அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். 300 கிலோக் குதிரை என்றால் உச்சவரம்பே 60 கிலோதான். குட்டி சவாரிக்குத் தயாராகும்போது உங்கள் மகனுக்குப் பதினைந்து வயதைத் தாண்டியிருக்கும்.