சினை போவாவின் வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பெண் போவா பாம்புக்கு ஐந்து வயது, ஆறரை அடி நீளம். நண்பரிடமிருந்து ஆண் பாம்பை வாங்கி வந்து ஒரு மாதம் சேர்த்து விட்டிருந்தோம். அப்புறம் ஒரு நாள் நடு உடம்பு பெரிதாக வீங்கி மறுநாளே வடிந்துவிட்டது, இரண்டு வாரம் கழித்துச் சட்டை உரித்தது. இன்றோடு அதற்கு 70 நாள். எலியைத் தொடுவதில்லை, விளக்கடியிலேயே பாதி மல்லாந்து கிடக்கிறது. பின்வயிற்றில் விரலை வைத்தால் சில உருண்டைகள் கெட்டியாகவும் சில மெத்தென்றும் இருக்கின்றன. குட்டிகள் உயிரோடுதான் இருக்கின்றனவா? எக்ஸ்ரே எடுக்கலாமா?

பதில்: முதலில் வயிற்றிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். ஆவலில்தான் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் உள்ளே ஒவ்வொரு குட்டியும் ஒரு மெல்லிய சவ்வுக்குள் மஞ்சள் கருவோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, அமுக்கினால் அந்தச் சவ்வும் அதில் ஓடும் ரத்தக் குழாய்களும் கிழியலாம். இன்னொன்று, கெட்டியாக இருந்தால் செத்தது, மெத்தென்றிருந்தால் உயிருள்ளது என்று விரலால் சொல்லவே முடியாது. கெட்டியாகத் தட்டுப்படுவது இறுகிப்போன எச்சமாக இருக்கலாம், மெத்தென்றிருப்பது வெறும் கொழுப்பாகவும் இருக்கலாம்.

நீங்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாம் நல்ல பக்கமே இருக்கின்றன. ஒரு நாள் வீங்கி வடிந்தது சூலகத்திலிருந்து கருமுட்டைகள் வெளிப்பட்டதன் அடையாளம், அதற்குப் பின் வந்த சட்டை உரிப்புதான் நமக்கு நாள்காட்டி. அன்றிலிருந்து பெரும்பாலும் 100 முதல் 120 நாளுக்குள் குட்டி போட்டுவிடும், ஆகவே இன்னும் ஒரு மாதமாவது பொறுமை வேண்டும். சாப்பிடாததும் மல்லாந்து கிடப்பதும் சினைப் போவாக்களின் வழக்கம்தான். வயிற்றை வலுக்கட்டாயமாக நிரப்ப வேண்டாம். தானாகத் தேடினால் ஒரு சின்ன எலி போதும், தண்ணீர் மட்டும் எப்போதும் சுத்தமாக இருக்கட்டும்.

நான் உங்களிடம் கேட்க நினைப்பது சூட்டைப் பற்றித்தான், ஏனென்றால் குட்டிகளின் நலம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. மலைப்பாம்பு முட்டையிட்டு அதைச் சுற்றிக்கொள்ளும். போவா குட்டிகளை உடம்புக்குள்ளேயே சுமக்கிறது, அதனால் தாயின் உடல்சூடுதான் குட்டிகளின் சூடு, தாய் எங்கே படுக்கிறதோ அங்கேதான் அவையும் வேகின்றன அல்லது உறைகின்றன. சூடான பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 26, 27 டிகிரி இருக்க வேண்டும். நாள்கணக்கில் 34 டிகிரிக்கு மேல் போனால் முதுகெலும்பு வளைந்த குட்டிகளும் செத்துப் பிறப்பவையும் வரும். குறைந்தால் வளர்ச்சி தாமதமாகும். கூண்டுச் சுவரில் ஒட்டிய தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், பாம்பு படுக்கிற அதே இடத்தில் அளந்து பாருங்கள், விளக்கைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணையுங்கள். சினைப் பாம்பு சூடான பக்கத்தை விட்டு எந்நேரமும் குளிர்ந்த மூலையிலேயே போய்ச் சுருண்டால், பெரும்பாலும் விளக்கடி சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

சரி, உயிரோடு இருக்கின்றனவா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் வழி. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போங்கள், மயக்க மருந்து தேவைப்படாது. இந்த நாளில் துடிக்கிற இதயங்களையே திரையில் பார்க்கலாம். துடிப்பே இல்லாமல் ஒரே சீரான உருண்டையாகத் தெரிபவை பெரும்பாலும் கருவுறாத முட்டைகள், வளர்ப்பவர்கள் ஸ்லக் என்பார்கள், மஞ்சள் மெழுகுக் கட்டி மாதிரி குட்டிகளோடு சேர்ந்தே வெளிவரும். சில ஸ்லக் இருப்பதற்காகப் பதற வேண்டாம். எத்தனை குட்டி என்று மட்டும் மருத்துவரை நச்சரிக்காதீர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து கிடப்பதால் ஸ்கேனில் எண்ணிக்கை சரியாக வராது. எக்ஸ்ரே இப்போது வேண்டாம். எலும்பு கெட்டிப்பட்ட பிறகு, கடைசிக் கட்டத்திலோ பிரசவம் பாதியில் நின்றாலோ அது உதவும்.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. நண்பரின் ஆண் பாம்பு. போவாக்களைத் தாக்கும் இன்குளூஷன் பாடி நோய் ஒரு வைரஸால் வருவது, தாயிடமிருந்து குட்டிக்கும் போகக்கூடியது, வெளியே அறிகுறியே இல்லாமல் வருடக்கணக்கில் ஒரு போவா அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். அந்த ஆண் பாம்புக்கு இப்போதே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், உங்கள் பாம்புக்குப் பிரசவம் முடிந்து தேறிய பிறகு செய்யலாம். முடிவு தெரியும்வரை ஒரு குட்டியைக்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள், கேட்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. செதில்களுக்கிடையே கறுப்புப் புள்ளியாக உண்ணி ஓடுகிறதா என்றும் பாருங்கள், அவையும் நோயைப் பரப்புவதாகச் சந்தேகம் உண்டு.

நாள் வருமுன்பே ரத்தமோ நாற்றமுள்ள திரவமோ கசிந்தால், வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டால், மணிக்கணக்கில் முக்கியும் எதுவும் வெளிவராவிட்டால், சில குட்டி போட்டபின் வயிற்றில் வீக்கம் மிச்சமிருக்க மறுநாளும் அப்படியே நின்றுவிட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். 130 நாள் தாண்டினாலும் அப்படித்தான். எதையும் நீங்களாக இழுக்காதீர்கள், அதனால் கருப்பாதையே வெளியே தள்ளிவிடும்.

குட்டிகள் பிறந்ததும் சவ்வைத் தாமே கிழித்துக்கொண்டு வரும். ஒன்று நெடுநேரம் திணறினால் முகத்தருகே மட்டும் ஈரத்துணியால் மெதுவாக விலக்குங்கள். தொப்புளில் மஞ்சள் கரு தொங்கினால் வெட்ட வேண்டாம், ஈரமான பேப்பர் டவல் மேல் தனியாக வையுங்கள், தானாக உள்வாங்கும் அல்லது காய்ந்து விழும். முதல் சட்டையை ஒன்றிரண்டு வாரத்தில் உரிக்கும், இரையை அதற்குப் பிறகு காட்டினால் போதும்.

இந்த வாரமே ஸ்கேனுக்கு நாள் வாங்குங்கள். போகும்போது சட்டை உரித்த தேதியையும், பாம்பு படுக்கிற இடத்தில் மூன்று நாள் காலையும் இரவும் எடுத்த வெப்ப அளவுகளையும் எழுதிக் கொண்டு போங்கள்.