பாட்டை நிறுத்துங்கள், தம்பி

கேள்வி: அண்ணே, திருமங்கலத்தில் பன்னிரண்டு வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் எடுக்கிறோம். போன வருடம் கடன் வாங்கி ஒரு வெப்சைட் போட்டேன். இன்ஸ்டாவில் பார்த்துவிட்டு ஆட்கள் உள்ளே வருகிறார்கள். ஆனால் முதல் பக்கத்தோடு திரும்பிப் போய்விடுகிறார்கள், ஒரு போன்கூட வருவதில்லை. படங்கள் நன்றாக இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். வருகிறவர்களை எப்படி நிறுத்திவைப்பது?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருந்த முகவரியைப் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து என் போனில் திறந்தேன். கறுப்புத் திரை. நடுவில் ஒரு கேமரா ஷட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. பழங்காநத்தம் தாண்டியும் சுற்றியது. உயிர் இருக்கிறதா என்று விரலால் தொட்டேன், கெட்டிமேளம் முழங்க ஆரம்பித்துவிட்டது. முன் சீட்டு அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பதறிப்போய் மூடிவிட்டேன். நீங்கள் சொல்லும் ஓடிப்போனவர்கள் கணக்கில் நானும் ஒருவன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் பொறுமையாகப் பார்த்தேன். பந்தல் ஒழுக ஒழுக, ஒரு கையில் குடையும் ஒரு கையில் சாம்பார் வாளியுமாகப் பந்தியில் நிற்கிறாரே ஒரு பெரியவர், அடடா! அதைக் கொண்டுபோய் முப்பத்தேழாவது படமாக வைத்திருக்கிறீர்கள். அதே படத்தை இறக்கிப் பார்த்தேன். 6000-க்கு 4000 பிக்சல், 9 எம்பி. கேமராவில் இருந்ததை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் மட்டும் 40 படம், ஆக 360 எம்பி. தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டிருப்பவருக்குக் கிட்டத்தட்ட கால்வாசி உங்கள் வாசலிலேயே தீர்ந்துவிடும்.

போன் திரையின் அகலம் பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம் பிக்சல்தான். நீளப் பக்கம் 2000 பிக்சல், தரம் 75 என்று எக்ஸ்போர்ட் செய்தால் பெரும்பாலான படங்கள் அரை எம்பிக்குள் அடங்கிவிடும். கலர் ஸ்பேஸ், அதாவது படத்தில் நிறங்களைப் பதியும் முறை, எஸ்ஆர்ஜிபியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அரக்குப் பட்டு சில போன்களில் வெளிறித் தெரியும். கீழே உள்ள படங்கள் ஆள் கீழே இறங்கும்போது மட்டும் வந்தால் போதும். 'லேசி லோடிங்' என்று சொன்னால் வெப்சைட் போட்டுக் கொடுத்தவருக்குப் புரியும். பக்கத்தின் முக்கியமான படம் இரண்டரை விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுளின் கணக்கு. அவர்களுடைய பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் முகவரியைப் போட்டால் எது நேரத்தை இழுக்கிறது என்று காட்டிவிடும். காசு கிடையாது.

இது எல்லாம் ஒரு நாள் வேலை. உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

இன்ஸ்டாவில் படத்தை ரசிப்பது பெண்ணும் மாப்பிள்ளையும். ரசித்துவிட்டு உங்கள் லிங்கை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடுவார்கள். அங்கே அதைத் திறப்பது பெண்ணின் அம்மா, தாய்மாமன், அட்வான்ஸ் கொடுக்கப்போகும் பெரியப்பா. எங்கள் முகூர்த்தத் தேதி காலியாக இருக்கிறதா, எவ்வளவு ஆகும், எத்தனை பேர் வருவீர்கள், பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும் அறைக்குள் கேமராவோடு வரப்போவது யார் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். கடைசிக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். உங்கள் தங்கையும் கூட வந்து படம் எடுப்பதாக இன்ஸ்டாவில் ஒரு மூலையில் பார்த்தேன். வெப்சைட்டில் அவர் முகமே இல்லை. உங்கள் முகமும் இல்லை. 'எங்களைப் பற்றி' என்ற இடத்தில் யாரோ எழுதிய நாலு வரி இங்கிலீஷ் இருக்கிறது. அதைத் தூக்கிவிட்டு, உங்கள் குழுவில் இருக்கும் ஆட்களின் படத்தைப் போட்டு, யார் யார், என்ன செய்வார்கள் என்று தமிழில் எழுதுங்கள்.

விலையைப் போட்டால் போட்டிக்காரன் பார்த்துவிடுவான் என்று பயப்படுவீர்கள். அவனுக்கு அது எப்போதோ தெரியும். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு இவ்வளவிலிருந்து, அதில் ஆல்பம் எத்தனை பக்கம், எத்தனை நாளில் கைக்கு வரும் என்று சொல்லிவிடுங்கள். கட்டுப்படியாகாதவர் போய்விடுவார், போகட்டும். பதினோரு கட்டம் உள்ள அந்த விசாரணைப் படிவத்துக்குப் பதிலாக ஒரு வாட்ஸ்அப் பட்டன் போதும். தொட்டவுடன் 'எங்கள் தேதி காலியா?' என்ற வரி தயாராக வந்து நிற்கும்படி செய்யலாம். அடுத்த மூன்று மாத முகூர்த்தங்களில் எவை புக் ஆகிவிட்டன என்று ஒரு பட்டியலும் வையுங்கள்.

அப்புறம் படங்கள். நாற்பது கல்யாணத்திலிருந்து நாற்பது படம் எடுத்துக் கோத்திருக்கிறீர்கள். அதில் எந்த வீடும் தன்னைப் பார்க்க முடியாது. ஒரே கல்யாணத்தை முழுசாகக் காட்டுங்கள்: பெண் அழைப்பு, மாலை மாற்றுவது, தாலி கட்டும்போது கண் கலங்கும் அப்பா, பந்தி, சொந்தக்காரர்கள் கூட்டமாக நிற்கும் மேடை. மண்டபத்தில் வெளிச்சம் எப்படி இருந்தது, என்ன செய்து சமாளித்தீர்கள் என்று இரண்டு வரி. அதைப் படிக்க ஆரம்பித்தவர் மறுவீடு வரை வந்துவிட்டுத்தான் போவார்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. சொந்த ஊர் மதுரையாக இருந்து, சென்னையிலோ சிங்கப்பூரிலோ குடியிருக்கும் வீடுகள் எத்தனை! கல்யாணம் மட்டும் இங்கே வைப்பார்கள். அவர்களுக்கு இப்போதைய ஊர் தெரியாது. உங்களுக்குத் தெரியும். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனே கொண்டுபோக முடியாது, அதனால் அங்கே ஜோடிப் படம் என்ற ஆசை வேண்டாம். நாயக்கர் மகால் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, ஷூட்டிங் என்றால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். வண்டியூர் தெப்பக்குளத்தின் கிழக்குக் கரையில் சாயங்காலம் நின்றால் மைய மண்டபத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டித் தேதி வைத்தால் கோரிப்பாளையம் பக்கம் கார் நகராது. இப்படி ஒரு பக்கம் எழுதி, ஒவ்வொரு இடத்துக்கும் நீங்கள் எடுத்த ஒரு படத்தை வையுங்கள். தேடுகிறவர் அந்தப் பக்கத்தின் வழியாகவே உங்களிடம் வந்து சேரலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் நீராட்டு விழாப் படங்கள் இரண்டு மூன்று உங்கள் பக்கத்தில் இருக்கின்றன. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். வீட்டில் சரி என்று சொல்லியிருந்தாலும் அந்தப் படங்களை நீக்கிவிடுங்கள்.

ஆடியில் முகூர்த்தம் இருக்காது, அந்த மாதம் தங்கையோடு உட்கார்ந்து மற்றதையெல்லாம் மாற்றலாம். அந்தக் கெட்டிமேளத்தை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.