மழையை எழுதினாலும் அரசியல்தான்

கேள்வி: தினமும் எதையாவது எழுதுகிறவர்கள் ஏன் மழை, வெயில் என்றே எழுதுகிறார்கள்? உள்ளூர் அரசியலை எழுதப் பயமா?

பயம் உண்டு, மறுக்கவில்லை. வார்டு கவுன்சிலரைப் பற்றி இன்று எழுதினால், நாளைக் காலை டீக்கடையில் அவருக்குப் பக்கத்து ஸ்டூலில்தான் நான் உட்கார வேண்டும். ஆனால் தாமிரபரணிக் கரையில் மழையை எழுதிவிட்டு அரசியலிலிருந்து தப்பிக்க முடியாது.

எங்கள் வீட்டில் பேப்பர் வந்ததும் அப்பா தேடியது அணை நீர்மட்டத்தைத்தான். பாபநாசத்துக்கு முழு அளவு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118. அன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துவிட்டு, கார் (முதல் போக நெல்) நடவு உண்டா, பிசானம் (அடுத்த போகம்) மட்டும்தானா என்று அம்மாவிடம் பேசுவார். தென்மேற்குப் பருவச் சாரல் ஏமாற்றினால் காருக்கு அணை திறப்பது சந்தேகம். திறந்தாலும் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டி வர வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தில் தொழிற்சாலைகளுக்கும் பங்கு. யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்பதைவிடப் பெரிய அரசியல் எங்கள் பக்கம் கிடையாது.

இது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. ஒருமுறை குற்றாலச் சாரலைப் பற்றி நெகிழ்ந்து உருகி எழுதியிருந்தேன். கடைமடையில் விவசாயம் பார்க்கும் மாமா போன் செய்தார். "அருவியை எழுதிவிட்டாய் மாப்பிள்ளை, நன்றாகவே இருக்கிறது. எங்கள் கால்வாயில் அமலை மண்டிக் கிடக்கிறதே, அதை யார் எழுதுவது?" போய்ப் பார்த்தேன். கால்வாய் எங்கே, கரை எங்கே என்று தெரியாத அளவுக்கு ஆகாயத்தாமரைப் பச்சை; எங்கள் பக்கம் அதைத்தான் அமலை என்போம். படம் எடுத்தால் அதுவும் அழகாகத்தான் விழுகிறது என்பது வேறு கொடுமை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையில் சுக்குக் காபியோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, 'மழை பெய்தால் நெல்லைக்கு எவ்வளவு அழகு' என்று நாலு பத்தி எழுதி வெளியிட்டேன். விடிய விடியக் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். நெல்லை ஜங்ஷன் தண்ணீருக்குள் போனது. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூடுவது எங்களுக்குப் புதிதல்ல. சின்ன வயதில் அதை வேடிக்கை பார்க்கவே ஓடுவோம். இந்த முறை வேடிக்கை பார்க்கும் தெம்பு யாருக்கும் இல்லை. எங்கள் தெருவில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அந்த நாலு பத்தியை எடுக்க வழியில்லாமல் இரண்டு நாள் தவித்தேன். கரண்ட் வந்ததும் அழிக்கப் போனேன். பிறகு அழிக்காமல், எழுதிய தேதியையும் நேரத்தையும் மட்டும் கீழே சேர்த்தேன். அது இன்னும் அப்படியே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

இப்போதெல்லாம் மழையைப் பற்றி எழுத உட்காரும் முன் மாமாவுக்கு ஒரு போன் போடுகிறேன். நேற்றும் கேட்டேன். மழை பரவாயில்லையாம். அமலை மட்டும் அப்படியே இருக்கிறதாம்.