எடை குறைந்த வேக்குவம் கிளீனர் கம்பளத்துக்குப் போதுமா?

மேலே கிடக்கும் தூசி, முடி, ரொட்டித் துகள் எல்லாம் எடுக்கும். அடியில் இறங்கிய மணலை நீங்கள் வாங்கியிருக்கும் எடை குறைந்த மாடல் முழுசாக எடுக்காது. டெல்லி மயூர் விஹார் வீட்டில் தினமும் ஓட்டியும், கம்பளத்தைத் தட்டினால் புழுதி பறக்கிறது என்கிறீர்கள். மெஷின் பழுது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

என் சந்தேகம் பிரஷ் ரோலர் மேல்தான். கம்பளத்துக்கு உறிஞ்சும் சக்தி மட்டும் போதாது. சுழலும் பிரஷ் இழைகளை விலக்கி மணலைக் கிளப்பிவிட வேண்டும். நீள முடி சுற்றிக்கொண்டால் ரோலர் மெதுவாகிவிடும், சில நேரம் நின்றே போகும். மெஷினை அணைத்துவிட்டு, கத்தரியால் முடியை வெட்டி எடுங்கள். ஃபில்டரையும் பாருங்கள், டெல்லிப் புழுதிக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் டப்பாவைக் காலி செய்துவிட்டு, ஒரே ஒரு மூலையில் மெதுவாக, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுங்கள். டப்பாவில் மணல் சேர்ந்தால் மெஷின் சரி, இதுவரை முடியோ ஃபில்டர் அடைப்போ தடுத்திருக்கும், இல்லாவிட்டால் வேகமாக ஓட்டியிருப்பீர்கள்.

கையால் முடிச்சுப் போட்ட காஷ்மீர் கம்பளமா? அப்படியானால் ரோலரை நிறுத்திவிட்டு உறிஞ்ச மட்டும் விடுங்கள். ஓரக் குஞ்சத்தின் பக்கமே போகாதீர்கள், இழுத்துப் பிய்த்துவிடும்.