பத்துமலை: முட்டி வலி இருக்கும் அம்மாவை ஏற்றலாமா?

அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி, கோலாலம்பூரில் இருப்பது ஒரே பகல், பத்துமலை முருகன் குகைக்கோயிலுக்குப் படி ஏற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். 272 படிகள், நல்ல செங்குத்து. படியும் குறுகல், பாதம் முழுசாகப் பதியாது. என் அத்தை கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்கினார். நடுநடுவே நின்று மூச்சு வாங்க இடம் உண்டு. ஆனாலும் வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் என்ற புறநகர் ரயில் ஏறினால் பத்துமலை நிலையத்திலேயே இறங்கலாம்.

மேலே போனதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சுண்ணாம்புப் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், தரை ஈரம், வழுக்கும். வள்ளி தெய்வானை சன்னிதிக்கு உள்ளே இன்னும் கொஞ்சம் படி ஏற வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை!

அப்புறம் குரங்குகள். பிளாஸ்டிக் பை கையில் இருந்தாலே போதும், உள்ளே என்ன என்று பார்க்காமலே பிடுங்கும். என் தேங்காய் பழம் அப்படித்தான் போனது. மாத்திரை, தண்ணீர் எல்லாம் முதுகுப் பையில் இருக்கட்டும்.

அம்மா தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். 140 அடி முருகன் நிற்பது கீழேதான், அங்கேயே கோயில்களும் இருக்கின்றன. குகைதான் பார்க்க வேண்டுமென்றால், ரயில் நிலையத்துப் பக்கமே ராமாயணக் குகை இருக்கிறது. நுழைவுச்சீட்டு உண்டு, உள்ளே கீழ்த்தளத்தில் நடந்தே பார்க்கலாம். நீங்கள் மட்டும் மேலே போய்வாருங்கள். தைப்பூச நாளாக இருந்தால் சொல்லுங்கள், அது வேறு கதை.